ஏழாவது கட்டம்

வங்கி தந்த படிவத்தில் ஏழாவது கட்டம்:
'வளர்ச்சி வாய்ப்பு.'
நாலு விரற்கடை அகலம்.
அதற்குள் பதினாறு ஹெக்டேரும்
உம்வோட்டி ஆறும் அடங்க வேண்டும்.

ஆகஸ்ட். டர்பனிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம்,
கடைசி ஐந்து கிலோமீட்டர் செம்மண்.
யாரோ கரும்புக்குத் தீ வைத்திருக்கிறார்கள்.
கரிச்சருகு வந்து வந்து
கார்க் கண்ணாடியில் உட்கார்கிறது.
தேய்த்தால் மை.

ரத்னவல்லி படையாச்சி கேட்டைத் திறந்து
என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார்.
"இதோடவா ஆத்துல இறங்கப் போறீங்க?"
அவருடைய ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி தந்தார்.
இரண்டு அளவு பெரிது.
அன்று முழுக்க
வேறொருத்தியின் நடை நடந்தேன்.

அளந்தேன்.
கரும்பு எட்டு ஹெக்டேர், கட்டைக்கரும்பு, வேர் களைத்துவிட்டது.
மேட்டில் மகடாமியா வைக்கலாம்.
இந்தத் தெற்கில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும்,
கூரையும் வடக்கு பார்த்தது, தகடு பதிக்கத் தோது.
பழைய பம்பு அறைக்குச் சுண்ணாம்படித்து
இரண்டு கட்டில் போட்டால்
சனி ஞாயிறுகளில் ஆள் வரும்,
தூக்கணாங்குருவி பார்க்க.
எல்லாம் எழுதினேன். எல்லாம் உண்மை.
எல்லாம் சேர்ந்தும்
ஆற்றின் அடியில் கிடந்த தொகையில் கால் பங்கு இல்லை.

மணல்.
அந்த ஏப்ரல் வெள்ளம்
கரையோரம் இரண்டு ஏக்கரைத் தின்றுவிட்டு
வளைவில் கக்கிப் போன மணல்.
சலித்த ரவை மாதிரி.
குச்சியை இறக்கினேன், என் உயரம் போயும் தரை தட்டவில்லை.
லாரிக்கு இவ்வளவு, நாளைக்கு இத்தனை லாரி என்று
கணக்கு எனக்குள் தானாகச் சுரந்தது,
தோண்டிய குழியில் நீர் ஊறுவதைப் போல.

"ராத்திரி வருவாங்க," என்றார்.
"விளக்கை அணைச்சிட்டு.
ரெண்டு முறை டிராக்டரைக் குறுக்கே போட்டேன்.
மூணாம் முறை
டிராக்டர் டயர்ல காத்து இல்ல."

எதிர்க்கரையில் மெலூசி சிபியா
கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்.
ஒன்றை மண்ணோடு தூக்கிக் காட்டி
"அமதும்பே!" என்று கத்தினார்.
"சேப்பங்கிழங்கு," என்றார் இவர், எனக்கு மட்டும் கேட்க.
"அவங்கதான் வாங்கறாங்க.
இருபத்திரண்டு வீடு, ஒரு சங்கம்.
உங்க வங்கிதான் கடன் தரணும்."

பிறகு கேட்டார்:
"மணலைச் சேர்த்தா என்ன விலை?"
சொன்னேன்.
"சேர்க்காம?"
சொன்னேன்.
"ரெண்டாவதை எழுதுங்க."

விற்பவர் விலையைக் குறைக்கச் சொல்லி
பத்தொன்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை.
பெர்த்திலிருக்கும் தம்பி ஒப்புக்கொள்வாரா என்றேன்.
"சண்டை போடுவான்.
அடுத்த வெள்ளத்துக்கு
அவனா வந்து இங்க நிக்கப் போறான்?"

விதிப்படி நான் எழுத வேண்டியது
நிலம் தரக்கூடிய அதிகபட்சம்.
விதிப்படி உரிமம் இல்லாததை எண்ணக் கூடாது.
மணலுக்கு உரிமம் இல்லை.
இன்றைக்கு இல்லை.
அந்த 'இன்றைக்கு' மேல்
கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்,
பெரிய பூட்ஸுக்குள் கால் வழுக்க.
ஹாடிடா ஒன்று தலைக்கு மேல்
துருப்பிடித்த கீல் போலக் கத்திப் போனது.

ஏழாவது கட்டத்தில் எழுதினேன்:
'ஆறு வளைகிற இடம். வளைய விட்டால் போதும்.'
கீழே இரண்டாவது தொகை.

வெள்ளிக்கிழமை படிவம் திரும்பி வந்தது,
சிவப்பு வட்டத்தோடு:
தெளிவாக எழுதவும்.

இன்னும் எழுதவில்லை.
பூட்ஸைத் திருப்பித் தர மறந்து
டிக்கியில் போட்டு வந்திருக்கிறேன்.
நேற்று கவிழ்த்தபோது
வாசல் சிமெண்டில் கொட்டியது
இரண்டு கைப்பிடி.
உரிமம் இல்லாமல் நானும்தான் ஏற்றி வந்திருக்கிறேன்.